ஆறு எபிசோடில் பிரம்மபூர்

மார்ச் 7, வெள்ளி

ஒருவழியாக 'எ சூட்டபிள் பாய்' தொடரை ஆரம்பித்தாயிற்று. விக்ரம் சேத்தின் நாவல் 1993-இல் வந்தது, 1349 பக்கம். பிரம்மபூர் என்ற கற்பனை ஊரில் லதாவுக்கு அவள் அம்மா மாப்பிள்ளை தேடும் கதை; கல்லூரி மாணவன் கபீர், கவிஞன் அமித், ஷூ தொழில் ஹரேஷ் என்று மூன்று பேர் வரிசையில். தொடர் 2020-இல் வந்தது, ஆறே எபிசோடு. இயக்கம் மீரா நாயர். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ்தான் 1995-இல் பிபிசிக்காக 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எழுதினவர். அதுவும் ஆறு எபிசோடுதான். ஜேன் ஆஸ்டினின் அந்த நாவல் இதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கேயே கொஞ்சம் உதைத்தது.

மார்ச் 8, சனி

இரண்டு முடிந்தது. லக்னோவிலும் மகேஷ்வரிலும் எடுத்திருக்கிறார்கள், கண்ணுக்குக் குறையே இல்லை. பாடகி சயீதா பாயாகத் தபு வந்து உட்கார்ந்தாலே சபை களைகட்டிவிடுகிறது.

ஆனால் பேச்சு! 1951, கங்கைக்கரை ஊர், மந்திரி வீடு, எல்லார் வாயிலும் இங்கிலீஷ். ஊறுகாய் மாதிரி அங்கங்கே இந்தி, உருது. நாவலே இங்கிலீஷ்தானே என்பீர்கள். படிக்கும்போது யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று மனசு தானாகப் பிரித்துக்கொள்ளும். திரையில் அது நடக்காது.

இதில் பெரிய நஷ்டம் லதாவின் அண்ணன் அருணுக்குத்தான். கல்கத்தாவில் வெள்ளைக்காரக் கம்பெனி உத்தியோகம், துரை மிடுக்கு, ஹரேஷ் என்றால் இளக்காரம். லண்டனைப் பற்றி அளந்துகொண்டே இருப்பான். போனதே இல்லை என்ற குட்டு, இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஹரேஷ் முன்னால்தான் உடையும். நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. ஊரே இங்கிலீஷ் பேசினால் அருண் எதை வைத்து அலட்டுவான்?

மார்ச் 9, ஞாயிறு

ஜமீன்தாரி ஒழிப்பு மசோதா (ஜமீன்தார் நிலத்தை உழுகிறவனுக்குத் தரும் சட்டம்) வந்தது, போனது. நாவலில் ரஷீத் என்ற நிலக்காரர் வீட்டுப் பையன், தன் வீட்டு நிலத்தைக் காலகாலமாக உழும் கச்சேருவின் பெயரைக் கிராமக் கணக்கில் ஏற்றப் பார்ப்பான். கடைசியில் கச்சேரு நிலத்தைவிட்டே விரட்டப்படுவான். சட்டம் ஒரு ஏழை வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது அங்கே உறைக்கும். இங்கே அந்த உறைப்பு இல்லை.

மார்ச் 12, புதன்

முடிந்தது. (நாவல் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.) லதா ஹரேஷைத்தான் கட்டிக்கொள்கிறாள். நாவலில் தோழி மாலதியே இதற்குச் சண்டை பிடிப்பாள். எனக்கும் கபீர் பக்கம்தான் சாய்வு. ஆனாலும் அங்கே ஒப்புக்கொண்டேன். ஹரேஷின் பிழைப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாயிற்றே. கான்பூர் வேலை போகிறது, பிரஹா ஷூ கம்பெனியில் ஃபோர்மேனாக இறங்கி உட்காருகிறான். தோல் பதனிடும் இடத்தைப் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறான், நாற்றத்தில் லதாவுக்குக் குமட்டுகிறது, அவனுக்குச் சுருக்கென்கிறது. இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அந்த ஒரு இடத்தில் தெரிந்துவிடும். அப்புறம்தான் அவள் சரி என்கிறாள்.

தொடரில் கபீர் அழகாக வருகிறான், அமித் கவிஞனாக வருகிறான், ஹரேஷ் ஷூவோடு வருகிறான். மூவரில் யாரைக் கைகாட்டியிருந்தாலும் நான் சரி என்று டிவியை அணைத்திருப்பேன்.