நத்தாருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபி போகிறவர்களுக்கு

மூன்றாம் தவணை முடிவில் மண்டபத்து வாங்குகளை ஒதுக்கிவைத்துக் கரோல் பாடிய பள்ளி நம்முடையது. நத்தார் விடுமுறைக்கு லண்டன் வரும் நம் பழைய மாணவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் அபி தேவாலயத்தைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆனால் போகிறவர்களில் பலர் பிழையான வரிசையில் நிற்கிறார்கள்.

வடக்கு வாசலில் நீண்டிருப்பது காசு கொடுத்துச் சுற்றிப் பார்ப்பவர்களின் வரிசை. வழிபாட்டுக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் மேற்கு வாசலால் விடுவார்கள். அதற்குக் கட்டணமே இல்லை. பெரும்பாலான வேலைநாட்களில் மாலை 5 மணிக்கு நடக்கும் ஈவன்சோங் என்ற மாலைப் பாட்டு ஆராதனை முக்கால் மணிநேரம் போகும். அரை மணி முன்னதாகப் போனால் பாடகர் குழுவுக்குக் கிட்ட இடம் கிடைக்கலாம். கரோல் ஆராதனைகளுக்கும் 24ஆம் திகதி இரவு 11.30 ஆராதனைக்கும் இலவச ரிக்கற் உண்டு. அதை இணையத்தில் முற்கூட்டியே எடுக்கவேண்டும், விட்டவுடனேயே முடிந்துவிடும்.

அது கிடைக்காதவர்கள் 27, 28 என்று போய்ப் பாடகர் சிறுவர்களைத் தேடுவார்கள். அவர்கள் அபியின் சொந்தப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள். நத்தாரன்று பாடி முடித்த பிறகுதான் அவர்களுக்கு விடுமுறை. (விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கொடுமை விளங்கும்.) பாட்டுக் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் 25க்கு முந்திப் போங்கள். கல்லறைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆராதனையோடு சேர்த்து அதைச் செய்ய நினைக்கவேண்டாம். ஆராதனை முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க விடுவதே இல்லை. கனடாவிலிருந்து வந்து இறங்கிய கையோடு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஏமாற்றந்தான். பெரிய பயணப் பைகளுக்கு அனுமதியில்லை, வைத்துவிட்டுப் போக இடமுமில்லை.

எட்வேர்ட் மன்னர் கட்டிய பழைய கோயிலை 1065 டிசம்பர் 28இல் அபிஷேகம் செய்தார்கள். நோயில் கிடந்த மன்னர் அதற்கு வரவில்லை. சில நாட்களில் இறந்தும் போனார். அடுத்த நத்தாரன்று, இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன் தலைவர் வில்லியம் இங்கே முடிசூடியபோது, உள்ளே எழுந்த வாழ்த்தொலியைக் கலகமென்று நினைத்த நோர்மன் காவலர்கள் வெளியே வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். இன்று நாம் காண்பது மூன்றாம் ஹென்றி 1245இல் தொடங்கிய கட்டடம்.

மேற்கு வாசலருகே முடிசூட்டு நாற்காலி இருக்கிறது. மேசையில் பெயர் வெட்டி அடி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பக்கத்துப் பள்ளி மாணவர்களும் பார்வையாளர்களும் அதில் பெயர் பெயராகக் கீறி வைத்திருக்கிறார்கள். 1800 ஜூலை 5–6இல் தான் இதில் உறங்கியதாகப் பி. அபொட் என்ற ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார். இருக்கைக்குக் கீழே இருந்த ஸ்கொட்லாந்து முடிசூட்டுக் கல்லை 1950 நத்தார் அதிகாலையில் நான்கு ஸ்கொட்லாந்து மாணவர்கள் கடத்தினார்கள். எடை 152 கிலோ. இழுத்தபோது கல் இரண்டாகப் பிரிந்தது. 1951 ஏப்ரலில் அது திரும்பக் கிடைத்தது. 1996இல் முறைப்படியே ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டது.

வழிகாட்டிகள் அதிகம் நிறுத்திக் காட்டாத சிலவும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தளபதி ஸ்ட்ரிங்கர் லோரன்ஸின் நினைவுச் சின்னத்தில் திருச்சிராப்பள்ளி நகரம் செதுக்கப்பட்டிருக்கிறது. வடக்கு வாசல் பக்கம், புதுச்சேரியைப் பிடித்த ஏர் கூட்டுக்கு எழுப்பிய பெரிய சின்னம். இவர்களைவிட நமக்குக் கிட்டியவர், 1832இல் இங்கே அடக்கம் செய்யப்பட்ட அன்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கையும் வகுத்தார். 1797இல் அதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலைதான் அது. புகழ் முழுவதும் பெல்லுக்குப் போனது நியாயமாகப் படவில்லை.

திரும்பும் வழியையும் முன்பே பார்த்துவையுங்கள். 24ஆம் திகதி மாலையிலிருந்தே ரயில்கள் குறையத் தொடங்கும். 25ஆம் திகதி ரயிலுமில்லை, பஸ்ஸுமில்லை. நள்ளிரவு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு வாடகைக் கார்தான் கதி, அன்று அதன் விலையும் ஏறியிருக்கும். சொந்தக் காரில் வந்தால் நத்தாரிலிருந்து புத்தாண்டு விடுமுறை வரை நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கான நெரிசல் கட்டணம் இல்லை. 24ஆம் திகதி உண்டு.