ஒரு மண்டலம் தண்ணீர்

கர்நாடகத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஏப்ரல் 11-ஆம் தேதி கோடை விடுமுறை விட்டால் மே 28 வரைக்கும் லீவுதான். எண்ணிப் பார்த்தால் 48 நாள். கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர்களும் நாட்டு வைத்தியரிடம் மருந்து வாங்குகிறவர்களும் சொல்வார்களே, அதே ஒரு மண்டலம். பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடலாம் என்று யார் ஆசையோடு வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த ஒரு மண்டலத்தைப் பற்றித்தான். என்ன செடி, எத்தனை தொட்டி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம்.

நான் இருப்பது பெங்களூரில் ஜீவனஹள்ளிப் பக்கம். சொந்த ஊர் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், இங்கே வந்து 19 வருஷம் ஆகிறது, ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை ரொம்ப நாளாகக் குப்பைமேடாகக் கிடந்தது. வீடு இடித்த கல்லும் சிமெண்டுக் கட்டியும் உடைந்த கக்கூஸ் பீங்கானும் யார் யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன இடம். மனைக்காரர் துபாயில் இருக்கிறார். போனில் கேட்டதும் நான் கட்டுகிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர், பக்கத்து வீட்டு அக்கா, நான், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கல் பொறுக்கியே இரண்டு மாதம் போனது. கீழே செம்மண் தெரிந்த அன்றைக்கு மாமா ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. தமிழ் வழி அரசுத் தொடக்கப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு வரை, மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தள்ளுவண்டிக்கும் போகிற அப்பா அம்மாக்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைக்குப் போனால் உருது, எல்லாம் கலந்து பேசுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் போய் வாசிக்க உதவி செய்யலாமா என்று எச்.எம். மேடத்திடம் கேட்டு, பள்ளி மேம்பாட்டுக் குழுவில் அனுமதி வாங்கி, 2023 ஜூன் மாதம் போக ஆரம்பித்தேன்.

முதல் நாளே அங்கே வேலை செய்கிற ஆயா என்னைச் சுற்றுச்சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போய் ஒரு குழியைக் காட்டினார். சுற்றுச்சூழல் தினத்துக்கு யாரோ நட்டுவிட்டுப் போன கன்று அதில் வாடி நின்றது. "இதே குழி தாம்மா. போன வருசமும் இதுலதான் வெச்சாங்க, அதுக்கு மின்ன வருசமும் இதுலதான்" என்றார். ஜூன் 5 அன்றைக்கு ஒரு கூட்டம் வரும், ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம் என்று இன்னொரு கூட்டம் வரும், பிள்ளைகள் கையில் கன்றைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். வருகிறவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜூனில் வைத்த கன்றை ஏப்ரலில் யார் பார்ப்பது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் நட்டதைக் காப்பாற்ற ஆள் தேவையே இல்லை, வானமே பார்த்துக்கொள்ளும்.

நாங்களும் அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் ஆரம்பித்தோம். ஜூலையில் சுவர் ஓரம் முப்பது அடி நீளத்துக்குக் கொத்தி, எங்கள் தோட்டத்து எருவைப் போட்டு, அரைக்கீரை, சிறுகீரை, வெண்டை, வேலி நெடுக அவரை. கீரை விதை மணல் மாதிரி இருக்கும், அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும் என்று மணலோடு கலந்து பிள்ளைகள் கையில் கொடுத்தோம். 25 நாளில் கீரை அறுத்தாயிற்று. அந்த வருஷம் மழை குறைவு, ஆனாலும் அவரை மோசம் செய்யவில்லை. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். டிசம்பர் கடைசியில் பனி இறங்க இறங்கக் காய் திரண்டு, ஒரு தட்டுக் கூடை நிறையக் கிடைத்தது.

பெங்களூரில் அவரைக்காய் சீசன் என்றால் ஊரே மணக்கும், அதற்கென்று ஒரு மேளாவே நடக்கும். எங்கள் பக்கத்தில் அதைப் பிதுக்கம்பருப்பு செய்வோம். உரித்த கொட்டையை ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையில் நின்றுவிட்டு உள்ளே இருக்கிற பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு தெறித்து விழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து நடுவில் பாத்திரத்தை வைத்தோம். பாதி பருப்பு பாத்திரத்தில் விழுந்தது, பாதி எதிரே உட்கார்ந்தவர்கள் தலையில். அன்றைக்கு மதியச் சாப்பாட்டோடு பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஒரு பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எங்க ஆயா ஊர்ல செய்ற மாதிரியே இருக்குது ஆன்ட்டி" என்றாள்.

அப்புறம் 2024 மார்ச் வந்தது. பெங்களூரில் இருந்தவர்களுக்கு அந்தக் கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, டேங்கர் கிடைக்காமல், குடிநீரைச் செடிக்கு ஊற்றினாலோ வண்டி கழுவினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. சரியான உத்தரவு. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேறி வருகிற காவிரித் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்ற யாருக்கும் மனசு வரக் கூடாது. ஏப்ரலில் எப்போதும் எட்டிப் பார்க்கிற மாம்பழ மழையும் வரவில்லை. ஏப்ரல் 10 அன்று பிள்ளைகள் ரிசல்ட் வாங்கிக்கொண்டு போனார்கள், கேட்டைப் பூட்டினார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் இரண்டு முறை போய்ச் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பள்ளி திறந்தபோது அவரைக்கொடி கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு விட்டதா? ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை, ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெங்களூர் அவ்வளவு மழையைப் பார்த்ததே இல்லை. மொட்டையாகக் காய்ந்து கிடந்த எங்கள் பாத்தியின் மேல்மண் மொத்தமும் கேட் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போனது. ஒரு வருஷம் போட்ட எரு.

அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. மார்ச் மாதம் இரண்டு வரி சேர்த்து வாசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் நாலைந்து பேர் ஜூனில் மறுபடியும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் புத்தகம் கிடையாது, அம்மா அப்பா வேலைக்குப் போனால் திரும்ப ராத்திரி ஆகும், 48 நாளும் கையில் போன்தான். செடி காய்ந்ததும் இதுவும் ஒரே காரணத்தால் நடந்தது என்று புரிய எனக்கு அந்த ஜூன் மாதம் முழுக்க ஆயிற்று.

அடுத்த வருஷம் தோட்டத்தையே தலைகீழாக யோசித்தோம். ஏப்ரல் 11-ஐ மனசில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். அவரை பிப்ரவரியோடு சரி, முற்றிய காயை விதைக்கு எடுத்துச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டு வைத்தாயிற்று. கடைசிக் கீரை மார்ச் முதல் வாரத்தில் விதைத்து ஏப்ரல் முதல் வாரத்தில் அறுத்தாயிற்று. கோடையில் நிலத்தில் நிற்கப்போவது முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, தவசிக்கீரை, பசலைக்கொடி மட்டும்.

தண்ணீருக்கு மாமா ஒரு வழி சொன்னார். அவர் தாத்தா வெற்றிலைக்கொடிக்குச் செய்தது என்றார். குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனுக்குப் போய் மெருகு பூசாத மண்பானை, எட்டு லிட்டர் பிடிக்கிற மாதிரி, பன்னிரண்டு வாங்கி வந்தோம். அதைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் புதைத்து, வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மண் காய்ந்தால் பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். வேர் தானாகப் பானையைத் தேடி வந்து சுற்றிக்கொள்ளும். எச்.எம். மேடம் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "கொசு வராதா மேடம்?" டெங்கு இந்த ஊரில் என்ன பாடு படுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உடனே பன்னிரண்டுக்கும் இறுக்கமான மூடி செய்து, மேலே கல் வைத்தோம்.

காவிரித் தண்ணீர் கூடாது என்பதால் தெருவில் பதினைந்து வீட்டில் பழைய பெயிண்ட் வாளி கொடுத்து, காய்கறி கழுவுகிற தண்ணீரையும் அரிசி கழுவுகிற தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து வைக்கச் சொன்னோம். அரிசி கழுவிய தண்ணீரைப் பானைக்குள் ஊற்றக் கூடாது, மாவு படிந்து துவாரம் அடைத்துவிடும். முதல் வாரமே இரண்டு பானை அப்படி அடைத்துக்கொண்டது, தோண்டி எடுத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தபிறகுதான் கசிந்தது. அதனால் அது நேராக முருங்கைக்கும் பப்பாளிக்கும், காய்கறித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பானைக்கு. மண்ணுக்கு மேலே நாலு விரல் கனத்துக்கு இலை மூடாக்கு. பிப்ரவரி, மார்ச்சில் தூங்குமூஞ்சி மரமும் புங்கமும் கொட்டுகிற இலையைத் தெரு கூட்டுகிற அக்காக்கள் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். அந்த மூட்டைகள்தான் மே மாதத்துப் பெருமழையில் எங்கள் மண்ணைப் பிடித்து நிறுத்தின.

மூன்று நாளுக்கு ஒரு முறை பானையை நிரப்பினால் போதும். 48 நாளுக்குப் பதினாறு முறை. சாவிக்கு மேடம் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கு எதிரிலேயே இருக்கிற ஆயாவிடம் கொடுத்துவிட்டார். தண்ணீரைவிட எங்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது அந்தச் சாவிதான், அது இவ்வளவு சுலபமாகத் தீரும் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைகளில் பாதிப் பேர் லீவுக்கு ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று ஊருக்குப் போய்விட்டார்கள். போக வழியில்லாத பதினோரு பேர் காலை ஆறரைக்கே கேட்டில் நிற்பார்கள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பு. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, யாரும் அச்செடுத்துக்கொள்ளலாம். முப்பது கதை அச்செடுத்து நூல் போட்டுத் தைத்து ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். எழுத்துக்கூட்டத் திரும்பிப் போயிருந்த பிள்ளைகளில் ஒருத்திக்குத் தோட்டத்து நோட்டை எழுதும் பொறுப்பு. அந்த நோட்டு இப்போது என் மேசை மேல் இருக்கிறது. "ஏப்ரல் 14. 9 பானை. புது வருசம். பாயசம் குட்த்தாங்க." "ஏப்ரல் 20. 7 பானை. எரும்பு வந்திச்சி. மூடி கிட்ட." "மே 17. மழ. பானை புல்லா இருந்திச்சி. 3 கதை படிச்சன்."

அந்த எரும்பைத் திருத்த வேண்டாம், அவள் எழுதுவதே பெரிசு என்று நான் விட்டிருந்தேன். பள்ளி திறந்ததும் மேடம் அதைப் பார்த்து, "அப்படியே விட்டா பழகிடும் மேடம், வலிக்காம திருத்தலாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நோட்டில் கை வைக்காமல், பாத்தி ஓரம் ஒரு சிலேட்டில் எறும்பு என்று பெரிதாக எழுதி வைத்தார். அடுத்த வாரம் நோட்டில் றகரம் வந்துவிட்டது. பெயர்ப்பலகைகளும் அப்படித்தான் ஆரம்பித்தன. கன்னடத்தில் சப்சிகே என்கிற கீரைக்குத் தமிழில் சதகுப்பை என்று எழுதினோம். ஒரு பையன், எங்க வீட்ல யாரும் அப்படிச் சொல்றதில்லையே என்று அழாத குறையாக நின்றான். இப்போது அந்தப் பலகையில் சதகுப்பைக்குக் கீழே சப்சிகே என்றும் இருக்கிறது, அவனே எழுதியது.

இப்போது மார்ச். இலை மூட்டைகள் வர ஆரம்பித்துவிட்டன. இந்த வருஷத்துப் பதினாறு முறையில் பதிமூன்றுக்கு ஆள் எழுதிக் கொடுத்தாயிற்று, மே 5, மே 8, மே 20 மட்டும் காலியாக இருக்கின்றன. ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இந்த மூன்று நாளில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி ஆயா வீட்டில் இருக்கும், வாளி கேட்டுக்குப் பின்னால். வரும்போது வடிகட்ட ஒரு பழைய வேட்டித் துணி கொண்டு வந்தால் நல்லது, போன வருஷத்துத் துணி கிழிந்துவிட்டது. எந்தப் பானைக்கு எவ்வளவு என்று பிள்ளைகளே சொல்லிக் கொடுப்பார்கள்.