காம்ப்ரி வைவா ரெண்டாவது தடவைல பாஸ்: போர்டுல முதல்ல ஒமேகா-கே படம் போடுங்க

நேத்து சாயங்காலம் காம்ப்ரி (பிஎச்.டி.ல வர்ற காம்ப்ரிஹென்சிவ் தேர்வு) வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு ரிசல்ட் வந்துச்சு, பாஸ். அல்சூர்ல அத்தை வீட்டுக்குப் போய் சொன்னப்பதான் அழுகையே வந்துச்சு, ஏன்னா ஆறு மாசம் முன்னாடி இதே வைவால ஃபெயில் ஆனவன் நான். ஆப்டிக்ஸ்ல காம்ப்ரி குடுக்கப் போறவங்களுக்கு சூட்டோட சூடா சொல்லிடறேன்.

அப்ப என்னைக் கவுத்தது ஒரே கேள்வி. ரெண்டு மெட்டீரியல மாத்தி மாத்தி அடுக்கின ஸ்டாக், ஒரு பல்ஸ் உள்ள போனா எவ்வளவு நேரத்துல வெளிய வரும்? நான் ஒவ்வொரு லேயரோட தடிமனையும் இண்டெக்ஸயும் (ஒளிவிலகல் எண்) பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, ஒளிவேகத்தால வகுத்துட்டேன். ஒவ்வொரு எல்லையிலயும் திரும்புற அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேருமே, அத மொத்தமா விட்டுட்டேன். ஒருத்தர் கூட ஒரு ஹிண்ட் குடுக்கல, அது இன்னும் வலிக்குது.

அதனால எந்தக் கேள்வி வந்தாலும் முதல்ல ஒமேகா-கே படம்: கிடைமட்டமா அலை எண் (கே), செங்குத்தா ஃப்ரீக்வென்சி (ஒமேகா), ரெண்டையும் இணைக்கற கோடு. பல்ஸோட வேகம் அந்தக் கோட்டோட சாய்வு, அவ்வளவுதான். பேண்ட் (அடுக்குக்குள்ள ஒளி போக முடியற ஃப்ரீக்வென்சிங்க) நடுவுல கிட்டத்தட்ட நேர்கோடு, பேண்ட் எட்ஜ் பக்கம் போகப் போக வளைஞ்சு படுத்துடும், சாய்வு சைபர் பக்கம் போகும், பல்ஸ் ஊர ஆரம்பிக்கும். அதே இடத்துல வளைவும் ஜாஸ்தி, பல்ஸுக்குள்ள இருக்கற ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியும் ஒவ்வொரு வேகத்துல போகும், அதனால பல்ஸ் விரியும். "மெதுவாகும்"னு நிறுத்திடாதீங்க, "விரியும்"னு சேத்து சொல்லுங்க, இந்தத் தடவை எனக்கு மார்க் அங்கதான் விழுந்துச்சு.

ட்ரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ (லேயர் லேயரா ஒளியக் கணக்குப் போடற முறை) மனப்பாடம் பண்ண வேணாம், எனக்கு அது ஒட்டவே இல்ல. பைத்தான்ல 20 லேயர் போட்டு ஒரு பல்ஸ ஓட விட்டுப் பாருங்க, கண்ணுல நிக்கும்.

கைல இருக்க வேண்டியது:
- 1550 நானோமீட்டருக்கு கால் அலை தடிமன்: இண்டெக்ஸ் 1.45-க்கு 267, 2.3-க்கு 168 நானோமீட்டர்
- இதே ஜோடிக்கு கேப் (ஒளி பெரும்பாலும் திரும்பிடற ஃப்ரீக்வென்சி இடைவெளி) அகலம், நடு ஃப்ரீக்வென்சில சுமார் 29 சதவீதம்
- க்ரோனிக்-பென்னி (திரும்பத் திரும்ப வர்ற தடுப்புகள்ல எலக்ட்ரானுக்கு பேண்டும் கேப்பும் வர்ற மாடல்) தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது
- இந்த மாதிரி அடுக்குல கேப் வர்றத சொன்னது 1887-ல ரேலே, ஃபோட்டானிக் க்ரிஸ்டல் யோசனையக் கொண்டு வந்தது 1987-ல யாப்லோனோவிச், சஜீவ் ஜான்

கேப்புக்குள்ள பல்ஸ் விட்டா? இதையும் கேட்டாங்க. 1993-ல பெர்க்லில 1.1 மைக்ரான் அடுக்குல ஒத்த ஃபோட்டான விட்டுப் பாத்தப்ப, தாண்டி வந்ததோட பீக் ஒளிவேகத்துல 1.7 மடங்குல வந்த மாதிரி இருந்துச்சு. பதறாதீங்க. பெரும்பாலானது திரும்பிடும், தாண்டி வர்றது சுமார் ஒரு சதவீதம்தான், பீக் முன்ன வந்தாலும் பல்ஸோட முன் விளிம்பு ஒளிவேகத்த மிஞ்சாது, தகவலும் முந்தாது. இத நிதானமா சொன்னா போதும்.

மார்க்கர் ரெண்டு கலர் நீங்களே எடுத்துட்டுப் போங்க, பேண்டுக்கு ஒண்ணு, கேப்புக்கு ஒண்ணு. முதல் தடவை அங்க இருந்த மார்க்கர் காஞ்சு போயிருந்துச்சு.