ஐந்து வேலை நாட்கள்

நவம்பர் 21, வியாழன்

சோதனைக்காக இவர் கழுத்தில் நான்கு முறை ஊசி குத்தினார்கள். முடிவைப் போனில் சொல்ல ஐந்து வேலை நாட்கள் ஆகுமாம். வரும் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், வீட்டு வாசலில் கார் நின்றதும் கேட்டார்: "வான்கோழி வாங்கிவிட்டாயா?"

நவம்பர் 22, வெள்ளி

வாங்கிவிட்டேன். 13 பவுண்டு, கல்லாக உறைந்திருக்கிறது. கடையில் 20 பவுண்டுப் பறவைகள்கூட இருந்தன, இவர் தொடவிடவில்லை. முழுப் பறவையாக எண்ணெயில் பொரிப்பதற்கு 14 பவுண்டுதான் எல்லை, அதைத் தாண்டினால் தோல் கருகிப் போகும், தொடைச் சந்து வேகாது. ஒன்பது வருடங்களுக்கு முன்பு லூசியானாவின் லஃபாயெட்டிலிருந்து வந்த அலுவலக நண்பர் எங்கள் கொல்லையில் நின்று கற்றுக்கொடுத்த பாடம் அது. மூன்று காலன் கடலை எண்ணெயும் வாங்கினேன். வீட்டிலிருக்கும் செக்கு எண்ணெய் இதற்கு ஆகாது, அவ்வளவு சூடு தாங்காமல் சீக்கிரமே புகைந்துவிடும். சுத்திகரித்த எண்ணெய்தான் வேண்டும்.

நவம்பர் 23, சனி

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நேற்று ஒன்று. திங்கள், செவ்வாய், புதன் சேர்த்தால் நான்கு. வியாழன் இந்த நாட்டின் வான்கோழி விருந்து நாள், நன்றியறிதல் நாள். வெள்ளியும் அவர்களுக்கு விடுமுறை. ஐந்தாவது வேலை நாள் டிசம்பர் 2. நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941-இல் சட்டம் போட்டு வைத்தார்களே, அது இந்த வாரமா வந்து விழ வேண்டும்.

முன்னதாகவே வரலாம் என்றாள் அந்தத் தாதி. "வரலாம்" என்றுதான் சொன்னாள். "வரும்" என்று சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பானையை இறக்கிக் கழுவினேன். 30 குவார்ட் அலுமினியப் பானை. பறவையை உறையோடு உள்ளே வைத்து, அது மூழ்கி மேலே ஓர் அங்குலம் நிற்கும்வரை செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு பறவையை வெளியே எடுத்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தை மூங்கில் குச்சியில் கத்தியால் கீறிவைத்தேன். வியாழனன்று எண்ணெய் அந்தக் கீறலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பறவையை இறக்கும்போது பொங்கி வழியும். கீழே எரிகிற அடுப்பில் வழிந்தால் என்ன நடக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்கே நம்பிக்கையில்லாமல் இரண்டாம் முறையும் அளந்தேன். அதே கீறல்தான். பானையை வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பறவை குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில். நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. புதன் மாலைக்குள் உறைபனி விட்டுவிட வேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

போன் வரவில்லை. வந்தது கரூரிலிருந்து அத்தை. "அவன் குரல் ஏனம்மா கம்மியிருக்கிறது?" என்றார். குளிர் என்றேன். ஹூஸ்டனில் என்ன குளிர் என்று அத்தை கேட்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

சின்னவள் ஒரு கட்டுரையை என் முன்னால் நீட்டினாள். தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வான்கோழி பொரிக்கும் இந்த எரிவாயு அடுப்பு வகையை வீட்டில் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறதாம். சமையல் தீவிபத்துகள் வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் நாளும் நன்றியறிதல் நாள்தானாம். "அம்மா, இந்த வருடம் ஓவனிலேயே வைத்துவிடலாமே" என்றாள்.

அவள் சொல்வது சரி. எனக்கும் மனதில் அதுதான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் இவர் கொல்லையில் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் பத்தடி தள்ளி, மேடுபள்ளம் இல்லாத வெறுந்தரை. காலடியால் அடி அடியாக அளந்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்தார். ஒரு வாரமாக எதிலும் நிலைக்காத மனிதர், அரை மணி நேரம் அந்த நான்கு கற்களோடு இருந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

போன் வரவில்லை.

நவம்பர் 27, புதன்

நாலரை மணிக்குப் பறவையை எடுத்து உறையைப் பிரித்தேன். தோல் இளகியிருந்தது, தொடை அசைந்தது. வயிற்றுக்குள் கை விட்டால் பனிக்கட்டி! கழுத்தெலும்பையும் ஈரலையும் ஒரு பொட்டலமாக உள்ளே வைத்திருப்பார்கள், அது விலா எலும்போடு இறுகிக் கிடக்கிறது. வெளியே எவ்வளவு நன்றாக இருந்தால் என்ன?

கழுவும் தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பிப் பறவையை அமிழ்த்தி, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். கொதிக்கும் எண்ணெய்க்குள் ஒரு கைப்பிடிப் பனிக்கட்டி இருந்தால் போதும், பானையில் எண்ணெய் தங்காது. ஆறரை மணிக்குப் பொட்டலம் கழன்று வந்தது. ஏழரைக்குத்தான் என் விரல்களுக்குப் பனி தட்டவில்லை. அதற்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன, அதனால் சின்னவளையும் பார்க்கச் சொன்னேன்.

அலுவலகங்கள் மூடியாயிற்று. இனி நான்கு நாட்களுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

எட்டு மணிக்கு ஆஸ்டினிலிருந்து பெரியவன் வந்து இறங்கினான். தேர்வு முடியும்வரை அவனுக்குச் சொல்வதில்லை என்பது இவர் பிடிவாதம். இவர் காலர் வைத்த சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருக்கிறார். உள்ளே கழுத்தில் அந்தக் கன்றல் பச்சையிலிருந்து மஞ்சளாகிவிட்டது.

சாப்பிட்ட பிறகு மசாலா ஏற்ற வேண்டும். உருக்கிய வெண்ணெய், பூண்டுச் சாறு, மிளகாய்த்தூள். ஊசி அடைக்காமல் இருக்க மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டேன். ஊசியில் இழுத்தும்விட்டேன். நெஞ்சுக் கறியில் வைத்து அழுத்த முடியவில்லை. அந்த அறையில் இவர் தலையை அண்ணாத்திப் படுத்திருந்ததும், "அசையாதீர்கள்" என்ற குரலும் வந்து நின்றன. இவர் எதுவும் கேட்காமல் என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். நெஞ்சில் இருபுறமும், தொடையில், கால் சதையில் என்று நிதானமாக ஏற்றினார். நான் காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் ஒற்றி எடுத்தேன். மூடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறேன், தோல் காயட்டும்.

நவம்பர் 28, வியாழன்

பத்தரைக்கு அடுப்பு மூட்டினோம். கீறல் வரை எண்ணெய், ஒரு நூல்கூட மேலே இல்லை. 350 டிகிரி ஃபாரன்ஹீட் வர ஐம்பது நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் சின்னவள் தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

இறக்கும் முன் அடுப்பை அணைக்க வேண்டும். அணைத்தேன். குமிழைத் திருகி, நீலம் அடங்கியதைக் குனிந்து பார்த்து, மறுபடி பார்த்தேன். பெரியவன் முழங்கை வரை உறை போட்டுக் கொக்கியைப் பிடித்தான். அங்குலம் அங்குலமாக இறக்கினான். கால்கள் எண்ணெயைத் தொட்டதும் எழுந்த சத்தம், ஆடிப் பெருமழை தகரக் கூரையில் இறங்குவது போல. நுரை ஏறிற்று, ஏறிற்று, விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. அப்போதுதான் இவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். எப்போது வைத்தார் என்று தெரியாது. அடுப்பை மறுபடி பற்றவைத்தோம்.

பவுண்டுக்கு மூன்றரை நிமிடம், 45 நிமிடங்கள். யாரும் நகரவில்லை. வெக்கையில் பெரியவன் பனியனோடு நின்றான். இவர் மட்டும் பொத்தான் போட்டபடி வியர்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, அந்தப் பொத்தானையாவது கழற்றுங்களேன்" என்றான். இவர் சிரித்து, எண்ணெயைப் பார் என்றார்.

நெஞ்சுக் கறியின் நடுவில் 168 டிகிரி. 165 போதும். தொடைச் சந்திலும் குத்திப் பார்த்தேன், 176. உள்ளே எல்லாம் வெந்திருக்கிறது. தோல் பழைய வெண்கலப் பாத்திரத்தின் நிறம். விரல் நகத்தால் தட்டினால் அப்பளம் போல ஒலித்தது.

பறவை அரை மணி நேரம் ஆற வேண்டும். அதற்குள் அதே எண்ணெயில் மற்றவை. சோளமாவில் புரட்டிய வெண்டைக்காய், ஹஷ் பப்பி என்கிற சோளமாவு உருண்டை, விரல் நீளத்துக்கு நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கைத் துணியில் நன்றாகத் துடைத்துத்தான் போட்டேன். கடைசியில் மெதுவடை. வான்கோழியும் பூண்டும் இறங்கிய எண்ணெயில் உளுந்து வடைக்கு வருகிற மணம் வேறு எந்த நாளிலும் வராது. அதற்காகவே வருடம் முழுவதும் காத்திருப்பார் இவர்.

இரண்டு வடைதான் சாப்பிட்டார். விழுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

எண்ணெய் ஆறிவிட்டது. துணியில் வடிகட்டி டின்களில் ஊற்றினேன். அடியில் கறுப்பு வண்டலாக மாவுத்தூள், அதைத் தனியே குப்பியில் மூடிக் குப்பையில் சேர்த்தேன். இதைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

நவம்பர் 30, சனி

பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. குளித்துவிட்டு இவர் துண்டோடு வந்த நேரம். அவன் எதுவும் கேட்கவில்லை. கொல்லைக்குப் போய் அந்தப் பானையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு

எலும்புகளையும் அந்தக் கழுத்தெலும்பையும் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்தேன். இவர் இரண்டு கிண்ணம் குடித்தார். மேல் பொத்தான் திறந்திருந்தது. பெரியவன் ஊருக்குத் திரும்பவில்லை, செவ்வாய்க்கிழமை போகிறேன் என்கிறான். காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். போனை மின்னேற்றி வைத்திருக்கிறேன்.