41ஆம் நாளும் 36 மாதமும்

மகளின் அமெரிக்கத் தடுப்பூசி நட்டஈட்டு மனுவுக்காகத் தன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுவிக்க இந்த மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்த அம்மா கேட்டவை இரண்டு. முதலாவது: "மாவீரர் நாள் எண்டு போடாதேங்கோ தம்பி, திகதியை மட்டும் போடுங்கோ." அதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டு நீதிமன்றத்துக்குப் போகிற கடதாசியில்கூட அந்தப் பெயரை எழுதக் கிளிநொச்சியில் ஒருவர் தயங்குவதற்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. 2019 நவம்பர் 27 என்று எழுதினாலே போதும். இரண்டாவது கேள்விதான் இன்னும் மண்டைக்குள் நிற்கிறது: "அப்ப அந்தக் கால் விறைப்பையும் விட்டிடலாமே?"

மகள் அமெரிக்காவில் இருப்பவர். ஊருக்கு வெளிக்கிட முன்னர், ஒக்டோபர் 18 அன்று, அங்கே பார்மசியில் இன்புளுவென்சாக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறார். மாவீரர் நாளன்று துயிலும் இல்லத்துக்குத் தாயோடு போனார். அடுத்த நாள் காலையில் இரண்டு பாதமும் விறைத்தமாதிரிக் கிடக்கு என்றிருக்கிறார். நேற்று நின்ற களைப்பு என்று எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். டிசம்பர் 5 அன்று எழும்பி நிற்க ஏலவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி, பிறகு கில்லன் பாரே என்ற பெயர், நரம்புகளைத் தாக்கிக் கைகாலை விழுத்துகிற வருத்தம்.

அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்பூசியால் வந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்கிற மனு வாஷிங்டனில் உள்ள பெடரல் கிளெயிம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கெடு 36 மாதம். ஊசி போட்ட நாளிலிருந்தோ வைத்தியர் வருத்தத்துக்குப் பெயர் வைத்த நாளிலிருந்தோ எண்ணுவதில்லை; முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். ஊசியால்தான் வந்தது என்று அப்போது எவருக்கும் தெரியாமல் இருந்திருந்தாலும் காலம் ஓடும் என்று 2011இல் குளோயர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மிக அசாதாரணமான சூழ்நிலையில் கெடுவைத் தளர்த்தலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் தெரியாமல் இருந்தது மட்டும் அதற்குப் போதாது.

அந்த அம்மா மேசைக்கு முன்னால் இருந்தது 2022 டிசம்பர் 1. விறைப்பு முதல் அறிகுறி என்றால் கெடு நவம்பர் 28உடன் முடிந்துவிட்டது. நிற்க முடியாமற்போனதுதான் முதல் அறிகுறி என்றால் டிசம்பர் 5 வரை இருக்கிறது. அங்கே நள்ளிரவாகும்போது இங்கே மறுநாள் காலை பத்தரை என்பதால் இன்னும் கொஞ்சம் நேரம்.

விறைப்பை எழுதாமல் விட்டால் வழக்குத் தப்புமா என்றால், அதுவும் நேரான கணக்கல்ல. 2017இல் காய்ச்சல் தடுப்பூசிக்கும் கில்லன் பாரேக்கும் அந்தச் சட்டத்தின் தடுப்பூசிப் பாதிப்பு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஊசிக்குப் பிறகு 3 முதல் 42 நாளுக்குள் வருத்தம் தொடங்கினால் காரணத்தைத் தனியாக நிறுவத் தேவையில்லை. விறைப்பு வந்தது 41ஆம் நாள். நிற்க முடியாமற்போனது 48ஆம் நாள். விறைப்பை எழுதினால் அட்டவணைக்குள் வரும், கெடு போய்விடும். எழுதாவிட்டால் கெடு நிற்கும், அட்டவணை கைவிட்டுப்போகும். பிறகு நிபுணரை வைத்துக் காரணத்தை வாதாடவேண்டும். "இதுக்கு முன்னம் ஏதாவது குறிகுணம் இருந்ததா" என்று அங்குள்ள சட்டத்தரணி கேட்டு அனுப்பியதே இந்த 42 நாளுக்காகத்தான் இருக்கவேண்டும்.

"காணி வழக்குக்குச் சண்டைக் காலத்தைக் கழிச்சு விட்டவை. வருத்தத்துக்குக் கழிக்கமாட்டினமே?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அசையாச் சொத்து வழக்குகளில் கணக்கில் எடுக்காமல் விட வழிசெய்தது. அது நம் பாராளுமன்றம் பார்த்துச் செய்தது. அங்கே அப்படி ஒரு கதவு இல்லை. இங்கும் எல்லாவற்றுக்கும் இல்லை: அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம், உடற்காயத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு.

விறைப்பை எழுதாமல் விட முடியாது என்று அவரிடம் சொன்னதற்குப் பக்கபலமாக ஒரு துண்டு இருந்தது. அவர் கொண்டுவந்த டயக்னோசிஸ் காட்டில் 6/12 என்ற திகதிக்குக் கீழே, பலவீனம் 1/7, விறைப்பு 1/52 என்று இங்கிலிஷில் கிறுக்கியிருந்தது. நம் வைத்தியர்களின் சுருக்கு அது: கீழே 7 என்றால் நாள், 52 என்றால் கிழமை, 12 என்றால் மாதம். அமெரிக்கக் கண்ணுக்கு 6/12 என்பது ஜூன் 12 ஆகிவிடும். 1/52 என்னவென்றே விளங்காது. அதனால் இப்படிக் காட்களை அனுப்பும்போது விளக்கக் குறிப்பொன்று சேர்த்தே ஆகவேண்டும். குறிப்புச் சேர்த்தால் விறைப்பு நவம்பர் 29 அளவில் வந்து நிற்கும். தாய் மறைத்தாலும் காட் சொல்லும். பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துப் போடுபவர் தாய். (அந்த வாசகமும் திகதியும் ஒப்பமும் இருந்தால் அவர்களுக்குப் போதும். சமாதான நீதவானின் முத்திரைக்காக அரை நாள் அலையத் தேவையில்லை என்பது நம் ஆட்களுக்கு நம்பக் கஷ்டம்.)

இவ்வளவும் சரி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சான்றிதழில் எழுதுவது, "சொன்னதை முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்தேன்" என்பது. சொல்லாததைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அவர் விறைப்பைச் சொல்லாமலே தொடங்கியிருந்தால் கேட்டிருக்கவேண்டிய கடமையும் இல்லை. துயிலும் இல்லத்தை விடலாம், விறைப்பை விடக்கூடாது என்று பிரித்தது எந்த அதிகாரத்தில்? ஒன்றால் வழக்கு மாறாது, மற்றதால் மாறும் என்பது சட்டத்தரணி எடுக்கவேண்டிய முடிவு. துயிலும் இல்லத்துக்குப் போன அடுத்த நாள் என்பதால்தான் அவருக்குத் திகதி பிசகாமல் ஞாபகம் என்பதும் சாட்சியத்தின் பலம்தானே. அதை விட்டதில் அந்தத் திகதி வெறும் இலக்கமாகப் போயிற்று.

இரண்டு திகதியோடும்தான் கடதாசி போனது. பிறகு அந்த மனுவுக்கு என்ன ஆனது என்பது இந்த மேசைக்குத் திரும்பி வரவில்லை.

இப்போதெல்லாம் நடந்ததை முழுக்கச் சொல்லவிட்டுக் கேட்டு எழுதிய பிறகே கெடுவை விளங்கப்படுத்துவது வழக்கம். முதலே விளங்கப்படுத்தினால் ஞாபகம் கெடுவுக்கு ஏற்ப வளையும் என்பது காரணம். ஆனால் கடைசியில் கேட்டுவிட்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்பவருக்கு அது வாயைக் கிண்டிப் பிடித்த மாதிரித்தான் படும். அப்படிப் படுவது தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.