வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு?

தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் சட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது, அதுவும் ரொம்ப நுணுக்கமாகவே இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ஒரு நண்பருக்கு நான்தான் கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு பதிவேடு தருகிறார்கள்: வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு. தேர்தலுக்கென்றே தனியாக வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, பிரசாரம் நடக்கும்போதே மூன்று முறை பதிவேட்டைக் கொண்டுபோய்ச் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன்னால் வைக்க வேண்டும். டீ, பிளாஸ்டிக் நாற்காலி, சாமியானா, மைக் செட், வேன் வாடகை என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு விலைப்பட்டியல் போட்டு வைத்திருப்பார். தெரிந்த பந்தல்காரர் நாற்காலியைச் சும்மாவே இறக்கிக் கொடுத்தாலும் வாடகைக் கணக்கு எழுதியாக வேண்டும். நாம் எழுதாமல் விட்டாலும் அவர்கள் பக்கத்தில் வீடியோ எடுத்து நிழல் பதிவேடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், இரண்டையும் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் சரிதான், வேண்டியதுதான். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022 ஜனவரியில் வரம்பை உயர்த்தினார்கள். மனு தாக்கல் செய்த நாள் தொடங்கி முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாச் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று ஆணையம் அறிவிக்கலாம்.

எனக்கு ஆற்றாமை எங்கே வருகிறது என்றால், இத்தனை கெடுபிடியும் வேட்பாளரோடு நின்றுவிடுகிறது. கட்சிக்கு வரம்பே கிடையாது. ஒரு கட்சி எத்தனை ஆயிரம் கோடி செலவழித்தாலும் இந்தியச் சட்டத்தில் அது தப்பில்லை, கணக்கு காட்டினால் போதும். வேட்பாளர் பெயரோ படமோ இல்லாமல் கட்சித் தலைவரையும் சின்னத்தையும் மட்டும் போட்டுத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தால் அது வேட்பாளர் கணக்கில் ஏறாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று, தனக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்ய 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை பட்டியல் கொடுக்கலாம், அவர்கள் ஹெலிகாப்டரில் வந்தாலும் அந்தப் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. மேடையில் வேட்பாளரும் ஏறி நின்றாலோ, அவர் பெயரோ படமோ கூட்டத்தில் வைக்கப்பட்டாலோதான் கூட்டச் செலவில் அவர் பங்கு எழுதப்படும். பெரிய கட்சி வேட்பாளர் வரம்பில் பாதியைக்கூடத் தொடாமல் கணக்கு காட்ட முடிகிறதென்றால் இதுவும் ஒரு காரணம்.

இது யாருக்கும் தெரியாமல் விட்டுப்போன ஓட்டை இல்லை. 1974 அக்டோபரில் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. 1971இல் டெல்லி சதர் தொகுதியில் வென்ற காங்கிரஸ்காரர் அமர்நாத் சாவ்லாவின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிபதி பகவதி, ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்கக் கட்சி செய்த செலவு அவருக்குத் தெரிந்தே நடந்திருந்தால் அவர் கணக்கில்தான் சேரும் என்றார். சில வாரங்கள்கூடப் பொறுக்கவில்லை, அன்றைய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சி செய்த செலவு வேட்பாளர் செலவாகாது என்று விளக்கக் குறிப்பு சேர்த்தது. 2003இல் அந்தக் குறிப்பை மாற்றினார்கள், ஆனால் நட்சத்திரப் பேச்சாளர் பயணத்துக்கு விலக்கை வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கட்சிகளுக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. நம் நாடாளுமன்றத்துக்கு அதில் மனமில்லை, ஏனென்றால் வரம்பு போட வேண்டியவர்களே வரம்பில்லாமல் பலன் அடைகிறவர்கள்.

வரம்பில்லாத செலவுக்கு வரம்பில்லாத வரவும் வேண்டுமே. 2017 நிதிச் சட்டத்தில், பெயர் வெளியே வராமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் தேர்தல் பத்திரத்துக்கு வழி செய்தபோது கூடவே ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை ஒரு நிறுவனம் தன் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்கு என்றும் கணக்கில் காட்ட வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட யாருக்கென்று சொல்லாமல் கொட்டிக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. தேர்தல் ஆணையம் அப்போதே எழுத்தில் ஆட்சேபித்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மொத்தத் திட்டத்தையும் ரத்து செய்தது. பத்திரம் விற்ற ஸ்டேட் வங்கி, அதன் விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டும் நீதிமன்றம் மறுத்ததால் மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. பத்திரம் வாங்கியதில் முதலிடம் கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு, 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக திமுகவே ஆணையத்துக்குத் தெரிவித்திருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய வரவில் பாஜகவின் பங்கு மட்டும் 6,000 கோடிக்கும் மேல். லாட்டரிக்கு 2003லேயே தடை போட்ட மாநிலம் தமிழ்நாடு! எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த எண்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பத்திரம் போனாலும், 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைக்குக் கொடுத்தவர் பெயரை ஆணையத்துக்குச் சொல்லத் தேவையில்லை என்ற விதி அப்படியே இருக்கிறது.

வாக்குக்குப் பணம் கொடுப்பது தனி அக்கிரமம். 2019இல் வேலூரில் 11 கோடிக்கும் மேல் ரொக்கம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தானது. அந்தப் பணம் எந்தப் பதிவேட்டிலும் வராது. ஆனால் மாட்டுச் சந்தைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போகிற வியாபாரி ரசீது இல்லையென்றால் பறக்கும் படையிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைய வேண்டியிருக்கிறது.

வேட்பாளர்களின் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடத்தை விதிகள் 1961இன்படி அதற்குக் கட்டணம் ஒரு ரூபாய். கணக்கு தாக்கல் செய்ய அவர்களுக்கு 30 நாள், வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட நமக்கு 45 நாள். அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் போடலாம். வென்றவர் கடைசி நாளில் கணக்கு கொடுத்தால் நம் கையில் மிஞ்சுவது 15 நாள்தான். அதனால் முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தொகுதியில் பெரிய கூட்டம் நடந்தால் தேதி, இடம், மேடை, நாற்காலி வரிசை, வந்த வண்டிகள், மேடையில் வேட்பாளர் நின்றாரா என்பதை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அப்புறம் ஒத்துப் பார்க்கலாம்.