36 வயதில் புராஸ்டேட் வீக்கம்: நம்ப வைக்கப் பட்ட பாடு

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியதைவிட, அது எனக்குத்தான் வீங்கியிருக்கிறது என்று மற்றவர்களை நம்ப வைத்ததுதான் பெரிய வேலையாகப் போனது. ரிசப்ஷனில் பெயர் சொன்னால் “பேஷண்ட் வரலையா சார்?” என்பார்கள். பக்கத்து நாற்காலிப் பெரியவர் “அப்பாவுக்கா தம்பி?” என்பார். “எனக்குத்தாங்க” என்றதும் அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது. பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் 31 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களிலேயே ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இந்தச் சுரப்பியில் வீக்கத்தின் ஆரம்பம் தென்பட்டிருக்கிறது. 50-களில் அது பாதிப் பேர். அதாவது அபூர்வம், ஆனால் நடக்காத விஷயம் இல்லை. இதை நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்தான்.

தொல்லை என்னவென்று இதைப் படிக்க வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போய் நின்றால் சிறுநீர் வராது, வந்தால் நூலாக வரும், முடிந்தது என்று நகர்ந்தால் உள்ளே இன்னும் பாக்கி இருக்கும். இரவில் எழுந்து எழுந்து தூக்கமும் போனது.

முதலில் பார்த்த மருத்துவர் “டென்ஷன்தான், தண்ணி நிறைய குடிங்க” என்று அனுப்பிவிட்டார். அடைத்துக்கொண்டு கிடப்பவனிடம் நிறையக் குடி என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அடுத்தவர் தொற்று என்று முடிவு கட்டி ஆன்டிபயாட்டிக் எழுதினார். கேட்கவில்லை என்றதும் இன்னொரு கோர்ஸ். சிறுநீர் கல்ச்சர் எடுக்கலாம் என்று யாருக்கோ தோன்றியபோது வயிறு நிறைய மாத்திரை போயிருந்தது. கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. வளரவிட்டால்தானே! அந்த மாத்திரைகளில் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின். அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குதிகாலுக்கு மேலே தசைநாண் இழுத்துப் பிடித்து வலித்தது. அந்த வகை மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவுதான் அது. அப்படி வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. தொற்று என்று மாத்திரை எழுதினால், முதல் மாத்திரையைப் போடும் முன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள். “முதல்ல இதைச் சாப்பிட்டுப் பாருங்க” என்றாலும் விடாமல் கேளுங்கள்.

அப்புறம் ஸ்கேன். சிறுநீர்ப்பை நிறைய வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வைத்தார்கள். நிறைந்துவிட்டது என்று சொல்லியும் வரிசை நகரவில்லை. உள்ளே கூப்பிடும்போது எனக்கு நடக்கவே முடியவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகு மறுபடி அளந்து, 180 மில்லி மிச்சம் இருப்பதாக எழுதினார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை சரியாகச் சுருங்காது. அப்போது எடுக்கும் மிச்ச அளவு பொய்யாகக் கூடித்தான் காட்டும். பின்னாளில் சாதாரண அவசரம் வந்ததும் எடுத்தபோது அதே பையில் 70 மில்லிதான் இருந்தது. ஆகவே வயிறு வெடிக்கும் நிலைக்குப் போவதற்கு முன்பே எழுந்துபோய், நிறைந்துவிட்டது, இப்போதே எடுங்கள் என்று சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

புராஸ்டேட் அளவு 38 சிசி என்று வந்தது. என் வயதில் 20, 25 இருந்தால் சரி. ஆக ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனால், மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே படித்துவிட்டு “வயசுக்கு இது சகஜம்தான், கூட்டிட்டு வாங்க பார்க்கலாம்” என்றார். யாரைக் கூட்டிவர? வாங்கிப் பார்த்தால் என் வயதை 63 என்று அடித்திருக்கிறார்கள். 36 தலைகீழாகி, நானே எனக்கு அப்பாவாகிவிட்டேன். தவறை விளக்கியதும் அவர் குரலே மாறியது. “36-ன்னா இது புராஸ்டேட்டா இருக்காதே” என்று அதே ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தார். 63-க்குச் சகஜமான வீக்கம் 36-க்கு இல்லவே இல்லையாம்!

திருத்தி வாங்கப் போனால் கவுண்டரில் இருந்தவர் “சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு” என்றார். என் அடையாள அட்டையைக் காட்டினேன். “கையெழுத்துப் போட்ட டாக்டர் வந்தாதான் மாத்த முடியும்.” அவர் எப்போது வருவார்? “சொல்ல முடியாது சார்.” பேனாவால் திருத்திக் கொடுத்தால் காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதற்கென்று மறுபடியும் அலைந்தேன். பெயர், வயது, தேதி மூன்றையும் கவுண்டரை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் நிஜமாகவே ஒரு தொற்று வந்து காய்ச்சலும் எரிச்சலுமாகக் கிடந்தேன். அந்த வாரம் பார்த்துத்தான் பிஎஸ்ஏ என்ற, புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அளவு 6-ஐத் தாண்டி வந்தது. இணையத்தில் தேடினால் புற்றுநோய், புற்றுநோய் என்றே வருகிறது. மனைவியிடம் சொல்லாமல் நான் விழித்திருந்த இரவுகளுக்கு யார் பொறுப்பு? சிறுநீர்த் தொற்று இருந்தாலே பிஎஸ்ஏ ஏறும். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தாலும் ஏறும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலோ, கடுமையாக சைக்கிள் ஓட்டியிருந்தாலோகூட ஏறலாம். தொற்று சரியாகி ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 1-க்குக் கீழே வந்துவிட்டது.

யூரோஃப்ளோ பரிசோதனை இன்னொரு கூத்து. புனல் மாதிரி ஒன்றில் சிறுநீர் கழித்தால் நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று மெஷின் வரைந்து காட்டும். கேட்கச் சுலபம். எனக்குக் கொடுத்த இடத்தில் கதவு இல்லை, திரைச்சீலைதான். வெளியில் நின்றவர் “ஆச்சா சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆச்சா ஆச்சா என்றால் யாருக்கு வரும்? தட்டுத்தடுமாறி 90 மில்லி போனேன். 150 மில்லியாவது போனால்தான் அந்த வரைபடத்தை நம்பலாம். இது செல்லாது என்று பிறகு பார்த்த மருத்துவர் ஓரமாக வைத்துவிட்டார். செல்லாத பரிசோதனைக்கும் பில் மட்டும் செல்லுபடியானது. கதவு சாத்தும் இடமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கூச்சப்படாதீர்கள், கூச்சத்தால்தான் அங்கே வரமாட்டேன் என்கிறது.

இனி சொல்லப் போவதைத் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஒரு சாதாரண ஜலதோஷம். மருந்துக் கடையில் கேட்டு வழக்கமான ஜலதோஷ மாத்திரையை வாங்கிப் போட்டேன். மூக்கு திறந்தது, கீழே மூடிக்கொண்டது. இரவு முழுக்க ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன், வெந்நீரில் உட்கார்ந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அடிவயிறு கல்லாகி, விடிவதற்குள் வியர்த்துக் கொட்ட அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். அங்கேயும் “இந்த வயசுலயா? வேற ஏதாவது பழக்கம் இருக்கா?” என்ற விசாரணைதான் முதலில் நடந்தது. டியூபைப் போட்டதும் 900 மில்லி இறங்கியது. அந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. டியூப் போடுவதற்கு எவ்வளவோ பயந்திருந்தேன், கடைசியில் போட்டவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையையும் இறுக்கிவிடும். குளோர்பெனிரமின் மாதிரியான பழைய அலர்ஜி மருந்துகள் பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும். பல ஜலதோஷ மாத்திரைகளில் இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கின்றன. அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படிக்காமல் இனி எதையும் வாயில் போடுவதில்லை. யார் மருந்து எழுதினாலும் “எனக்கு யூரின் அடைப்பு இருக்கு” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

டியூபோடு வீட்டுக்கு வந்தால் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே வையுங்கள், தூங்கும்போதும்தான். டியூபைத் தொடையில் ஒட்டி வைக்காவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உயிர் போகும். இறுகிய தசையைத் தளர்த்தும் டேம்சுலோசின் மாத்திரை ஆரம்பித்து, சில நாள் கழித்து டியூபை எடுத்தபோது தானாகப் போக முடிந்தது.

அந்த அவஸ்தையில் ஒரு நன்மை, அதற்குப் பிறகு யாரும் டென்ஷன் என்று சொல்லவில்லை. நல்ல சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் என் வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு தாளை நீட்டினார். அதில் ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 20-ஐத் தொட்டாலே கடுமையான தொல்லை என்று கணக்கு, நான் 22. கூடவே மூன்று நாளுக்கு எப்போது, எவ்வளவு குடித்தேன், எப்போது, எவ்வளவு போனேன் என்று குறித்து வரச் சொன்னார். அளவு போட்ட கப் ஒன்று கழிப்பறையில் இருந்தால் போதும். இதுவரை நான் வாயால் புலம்பியதையெல்லாம் அந்த ஒரு தாள் செய்து முடித்தது. இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், மருத்துவரிடம் போகும் முன்பே இந்த மூன்று நாள் குறிப்பை எழுதிக்கொண்டு போங்கள் என்கிறேன். “அடிக்கடி வருது சார்” என்பதை ஒதுக்கிவிடலாம், எண்களை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது.

சாத்திய கதவுக்குள் மறுபடி எடுத்த யூரோஃப்ளோவில் அதிகபட்ச வேகம் நொடிக்கு 8 மில்லி. பொதுவாக 15-க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் இளம் வயதில் இதற்குப் புராஸ்டேட் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார் அவர். சிறுநீர்ப்பையின் கழுத்து திறக்காமல் இருக்கலாம், சிறுநீர்க் குழாய் சுருங்கியிருக்கலாம், இடுப்புத் தளத் தசைகள் தளரவேண்டிய நேரத்தில் இறுகலாம், பையே பலவீனமாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க யூரோடைனமிக்ஸ் என்று ஒரு பரிசோதனை. பைக்குள் ஒரு மெல்லிய டியூப், ஆசனவாயில் ஒன்று, அந்த நிலையில் சிறுநீர் கழிக்க வேண்டும். கௌரவம் எல்லாம் வாசலிலேயே கழன்றுவிடும், வலி அவ்வளவாக இல்லை. பை முக்கித் தள்ளுகிறது, வழிதான் இல்லை என்று முடிவு வந்தது. கேமரா விட்டுப் பார்த்ததில் புராஸ்டேட்டின் நடுமடல் பைக்குள் துருத்திக்கொண்டு வாசலை மறிப்பது தெரிந்தது. 38 சிசிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் அதுதான். அளவுக்கும் தொல்லைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, எந்த இடத்தில் வீங்குகிறது என்பதுதான் கணக்கு.

டேம்சுலோசின் சில நாளிலேயே வேலை செய்தது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் போதும். எழுதிக் கொடுத்தவர் சொல்லாமல் விட்டது வேறொன்று. உறவின்போது உச்சம் வரும், விந்து வராது, அல்லது கொஞ்சம்தான் வரும். இருவரும் மிரண்டுவிட்டோம். ஆபத்தில்லை, மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் குழந்தைக்கு முயல்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? 70 வயதுக்காரருக்கு எழுதுகிற பழக்கத்திலேயே எனக்கும் எழுதியிருக்கிறார்கள். கேட்டதும் அதே வகையைச் சேர்ந்த அல்ஃபுசோசினுக்கு மாற்றினார்கள், அதில் இந்தப் பிரச்சினை குறைவு. ஃபினாஸ்டரைடு பற்றியும் பேசினோம். சுரப்பியையே சுருக்கும், ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகும், ஆசையையும் விறைப்பையும் குறைக்கலாம், பிஎஸ்ஏ அளவையும் ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

இப்போது அந்த ஏழு கேள்வித் தாளில் 11. இரவில் ஒருமுறைதான் எழுகிறேன், சில நாள் அதுவும் இல்லை. மாலைக்கு மேல் காபி, டீ இல்லை, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் நிறுத்தம். ஒருமுறை போய்விட்டு, கொஞ்சம் நின்று, மறுபடி முயன்றால் மிச்சம் கணிசமாக இறங்குகிறது.

அறுவை சிகிச்சை இன்னும் பாக்கி. சிறுநீர்க் குழாய் வழியாகவே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான டர்ப் முறையில் அடைப்பு நன்றாக விலகும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு விந்து பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், அது திரும்பாது. குழந்தை பற்றி முடிவான பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோ, மிச்ச அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. சிறுநீரில் ரத்தம், குளிரோடு காய்ச்சல், அல்லது முழு அடைப்பு என்றால் தேதி பார்க்காமல் நேராக வரச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டின் நகல் ஒன்று மனைவியின் கைப்பையில் இருக்கிறது, வயதைச் சரியாகப் போட்டு.